மண்டபத்தில் குறைந்த ஒரே சாமான்

வாங்கின் உயரம் பதினேழு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கால் தொங்கினால் மனிதனுக்கு வீட்டு நினைவு வந்துவிடும். நீங்கள் குந்தியிருக்கும் இந்த வாங்கு சரியாகப் பதினேழு. வசதியாக இருங்கள்; ஆறுதலாகச் சொல்கிறேன்.

முப்பது வருடம் ஓவசியராக ரோட்டும் மதகும் கட்டியவன் நான். மனிதர் கூடி யோசிக்க ஒரு கட்டடம் கட்டும் பாக்கியம் ஓய்வுபெற்ற பிறகுதான் கிடைத்தது. மலாயாப் பென்சன்காரர் மார்க்கண்டு அண்ணை மானிப்பாயில் இருந்த தன் வளவையே இதற்குக் கொடுத்தார். பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். தனக்குப் பின்னறை ஒன்று போதும் என்றார். வலிகாமத்துக் கிணறுகள் ஏன் உவராகின்றன என்று விஞ்ஞானிகள் இங்கே கூடி ஆராயவேண்டும் என்பதே அவருடைய ஆசை.

விஞ்ஞானிகள் என்று எங்களுக்கு இருந்தது இரண்டே பேர். மழையை அளப்பவர் முத்துக்குமாரு மாஸ்டர். நிலத்தடிக் கல்லைப் பற்றிப் படித்தவர் சண்முகநாதன். இருவரும் மார்க்கண்டு அண்ணைக்குச் சொந்தம். ஆனால் சேர்ந்து எழுதிய ஒரு சிறு நூலின் அட்டையில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் மனம் முறிந்து, ஒன்பது வருடமாக முகம் பார்ப்பதில்லை. ஒருவர் வரக்கூடும் என்று மற்றவர் இந்தப் பக்கமே வரவில்லை. கிழக்கு வெளிச்சமும் தேக்கு வாங்குகளும் வெறுமனே கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"தம்பி முருகேசு, என்ரை உயிர் போறதுக்கிடையிலை உவை ரண்டு பேரையும் ஒரு வாங்கிலை பாத்திடவேணும்" என்பார் மார்க்கண்டு அண்ணை.

பிறகு மயிலிட்டியில் ஒரு செத்தவீடு. அங்கே இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணவீட்டுக்குப் போகாத பகையாளிகூடச் செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டான். இரண்டு மணித்தியாலம் கிணறு பற்றியே கதைத்தார்கள். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை எடுத்து வாங்கிலேயே கணக்குப் போட்டார்கள். பிழை என் கட்டடத்தில் இல்லை, உள்ளே போட்ட சாமான்களில்தான் என்று அப்போது விளங்கியது.

உடனே செத்தவீடு போல மண்டபத்துக்கு வெள்ளைத் துணி கட்டுவித்தேன். வாங்குகளை எதிரெதிராகப் போட்டேன். வெற்றிலைத் தட்டம், சுருட்டு, படிக்கம் எல்லாம் வைத்து, பறையும் அடிப்பித்தேன். சண்முகநாதன் சைக்கிளில் பறந்து வந்தார்.

"ஆர் மோசம் போனது?"

"ஒருத்தருமில்லை. உள்ளுக்கு வாருங்கோ."

"ஒருத்தரும் சாகாத இடத்திலை எனக்கென்ன வேலை?" என்று சைக்கிளைத் திருப்பினார்.

அவர் கேட்டது நியாயம். ஒரு சாமான் குறைந்துதான் இருந்தது.

அது இருவருக்கும் சொந்தமான ஆளாக இருக்கவேண்டும். கடதாசியில் வம்சத்தைக் கீறிப் பார்த்தேன். கோடுகள் சந்தித்த இடத்தில் மார்க்கண்டு அண்ணை இருந்தார். பின்னேரங்களில் அவர் பெரிய கரும்பலகைக்குக் கீழேதான் சாய்ந்திருப்பார். அதை நாலு திருகாணியில் பூட்டியவன் நான். மூன்றைக் கழற்றினேன். மிஞ்சிய ஒன்று வெள்ளிக்கிழமை வரை தாங்கியது; நல்ல ஆணி. அண்ணையின் ஆசையும் நிறைவேறியது. முந்தவேண்டியது பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

முப்பத்தொரு நாள், ஐயா. அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை இருவரும் இங்கேயே கிடந்தார்கள். மழைக் கணக்கும் கல்லுக் கணக்கும் ஒன்று சேர்ந்தன. விடைக்கு இன்னும் ஒரு பக்கம்தான் மிச்சம். முப்பத்திரண்டாம் நாள், புது நூலின் அட்டையில் யார் பெயர் முதலில் என்ற கேள்வி வந்தது. இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

விபத்து என்று மரண விசாரணையில் எழுதியாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானாகச் சொல்லி அனுப்பாவிட்டால் நீங்கள் இங்கே எதற்கு வரப்போகிறீர்கள்? கரும்பலகையை அதே சுவரில் திரும்பப் பூட்டியிருக்கிறேன். உங்கள் வாடகை வீட்டையும் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் பத்துப் பேர் இருக்க இடமில்லை. இங்கே நாற்பது பேர் தாராளமாக இருக்கலாம்.

சுவரோடு நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். உங்கள் தாயாரின் ஊர் தொண்டைமானாறு. அந்த வழியில் சண்முகநாதனுக்கு நீங்கள் மச்சான். முத்துக்குமாரு மாஸ்டருக்கு என்ன முறை?