நான்கு மூலையிலும் ஒரே குரல்

காதுக்கு இந்த ஊர் நல்ல ஊர் இல்லை, ஐயா. நீங்கள் அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி வந்து எத்தனை மாதம் ஆகிறதோ தெரியாது. ஒரு வருஷம் போனால் விசைத்தறிச் சத்தம் உங்களுக்குக் கேட்காது. பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். காது செத்துவிட்டது என்று நான் சொல்வேன். எங்கள் தெருவில் மட்டும் நாற்பது தறி. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். மனிதன் எதையாவது ஒழுங்காகக் கேட்க முடிகிற நேரம் அந்த ஒரு மணி நேரம்தான். நடந்தது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடந்தது.

என் மனைவி கோகிலாம்பாள் எப்படிச் செத்தாள் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். நான் கட்டிய அறையை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் அப்பா பஞ்சு வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் பஞ்சுப் பொதி அடுக்குகிற கிட்டங்கி அவர் கட்டியது. நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ரேடியோ ரிப்பேரும் மைக் செட்டும்தான் என் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று திருச்சுழி வரைக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். எந்த நல்ல குரலும் அந்தத் தகரக் குழாய் வழியாக வந்தால் நாராகக் கிழிந்துதான் வரும். கிழிந்தால்தான் சனங்களுக்குப் பிடிக்கிறது.

அறுபத்தொன்பதில் வால்வு வாங்க மெட்ராஸ் போனேன். ரேடியோக் கடைக்காரர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஓர் இசைத்தட்டு போட்டார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார். மிருதங்கம் என் இடது தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வயலின் வலது பக்கம். நடுவில் ஆள் இல்லாத இடத்தில் ஆள் உட்கார்ந்து பாடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். இன்னும் இரண்டு பெட்டியை முதுகுக்குப் பின்னாலும் வைத்தால், பாடுகிற இடத்தின் நடுவிலேயே நாம் போய் உட்காரலாம் என்று ஒரு பத்திரிகையில் படம் போட்டிருந்ததைக் காட்டினார். ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்கு அந்த நாலு பெட்டி நினைப்புதான்.

கிட்டங்கி காலியாகக் கிடந்தது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். காற்று வருகிற புழையை அடைத்தேன். கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்து, சுவரெல்லாம், கூரையெல்லாம் அடித்தேன். நூற்று நாற்பது சாக்கு. அத்தனையும் கோகிலாம்பாள் தைத்தது. பஞ்சு மூக்கில் ஏறி அவளுக்கு ராத்திரியெல்லாம் இருமல். எங்களுக்குப் பிள்ளை இல்லை, வேறு வேலையும் இல்லை, செய்தாள். கதவுக்கு இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் பஞ்சு. அது கனத்தில் தொங்கிவிட்டது. வெளியே இருந்து அப்பா காலத்து இரும்புக் குறுக்குக் கம்பியைப் போட்டு இறுக்கினால்தான் இடைவெளி இல்லாமல் மூடும். உள்ளே இருந்து பூட்ட வழி இல்லை. அந்த விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுபத்துநாலு சித்திரையில் வேலை முடிந்தது. முடிந்தது என்று சொல்கிறேனே தவிர, சோதனை பாக்கி இருந்தது. சத்தம் வெளியே போகிறதா, உள்ளே எந்த மூலையில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஒருவனே உள்ளேயும் வெளியேயும் நிற்க முடியாது. அதனால் அறையில் இரண்டு மைக் வைத்து, ஒயரை முன்பக்கக் கடைக்கு இழுத்து, ஜெர்மன் டேப் ரெக்கார்டரில் கொடுத்தேன். நான் கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். கோகிலாம்பாள் உள்ளே சுண்ணாம்பில் போட்ட கோட்டில் நின்று கை தட்டுவாள், பேசுவாள். தினமும் ஒரு மணிக்கு.

அவளுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. முதல் நாளே சொன்னாள்.

"உள்ள போனா காது அடைச்சுப்போகுதுங்க. எம் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. பின்னால யாரோ மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"அது ஒம் மூச்சுதான். அறை அவ்வளவு சுத்தமா இருக்கு."

"எம் மூச்ச எனக்குத் தெரியாதா? நான் நிறுத்தினா அது நிக்க மாட்டேங்குதுங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூச்சு எழுந்து நிற்கிற அளவுக்கு நிசப்தமான அறை மதுரையில்கூடக் கிடையாது.

சிக்கல் வேறு. அவள் குரல் சின்னக் குரல். பக்கத்தில் நின்று பேசினாலே பாதி விழுங்கிவிடுவாள். நாலு மூலைக்கும் போய்ச் சேராது. ஒரு நாள் கடைக்கு ஆள் வந்து, அவளைத் திறந்துவிட இருபது நிமிஷம் தாமதமாகிவிட்டது. அன்றைக்கு அவள் கத்தியிருக்கிறாள். கதவைத் திறந்தபோது புடவை நனைந்திருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் டேப்பைப் போட்டுக் கேட்டேன். பயந்தவள் குரல் அறையை நிறைத்தது, ஐயா. ஒவ்வொரு மூலையும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு "போதும்ங்க" என்று அவள் சொன்ன உடனே நான் திறப்பதில்லை. பத்து நிமிஷம், கால் மணி என்று கொஞ்சம் விட்டுத் திறப்பேன். பழகட்டும் என்றுதான்.

பின்வீட்டுத் தறிக்காரர் சந்தனம் ஒரு நாள் மதில் மேல் தலையை நீட்டினார். கையில் சோற்றுத் தூக்கு.

"அண்ணாச்சி, கிட்டங்கிக்குள்ள என்னதான் செய்றீக? மதினி உள்ள போறாக. ஒரு சத்தத்தயும் காணோமே."

"சத்தம் வரக்கூடாதுன்னுதானய்யா கட்டியிருக்கு."

"அப்ப எங்க தறிச் சத்தம் ஒங்களுக்கு ஆகல. நல்லாருக்கு போங்க" என்று சிரித்தார். என் வேலைக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் அது. உள்ளே அவள் கதவைக் குத்திக்கொண்டிருந்த நேரம்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். இவை இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

ஒன்று, பஞ்சு வீட்டுப் பிள்ளைக்குப் பேய்ப் பயம் கிடையாது, நெருப்புப் பயம்தான். எனக்குப் பத்து வயதில் இதே கிட்டங்கியில் புகை வந்தது. ஒருவன் கதவைத் திறக்க ஓடினான். அப்பா அவன் கன்னத்தில் அறைந்தார். "காத்துப் பட்டா மொத்தமும் போச்சுலே. அடைச்சாத்தான் மிஞ்சும்." எல்லோரும் வெளியே இருக்கிறார்களா என்று ஆட்களை நிறுத்தி எண்ணினார். அப்புறம் இடுக்கெல்லாம் ஈரச் சாக்கு வைத்து, களிமண் பூசி, மூன்று நாள் யாரையும் கிட்டே விடவில்லை. திறந்தபோது ஒரே ஒரு பொதி கருகியிருந்தது. பஞ்சுத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டாவது, என் மனைவி என் பெயரைச் சொல்லமாட்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. "ஏங்க"தான். அவள் தம்பி பெயர் தங்கத்துரை. என் பெயரின் வால் அதில் இருக்கிறது என்று அவனைத் தங்கம் என்று நிறுத்திக்கொள்வாள். எழுபத்தொன்றில் சனத்தொகை எழுத வந்த வாத்தியார், வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதற்கு, வாசலுக்கு வந்து 'வெள்ளத்துரை சவுண்ட் சர்வீஸ்' என்ற போர்டைக் காட்டினாள். "சவுண்ட் சர்வீஸும் பேருல சேத்தியாம்மா?" என்று அவர் கேட்க, தெருவே சிரித்தது. அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

வைகாசி, வியாழக்கிழமை. தறிகள் நின்றன. அவள் கிட்டங்கி வாசலில் தயங்கினாள்.

"இன்னைக்கு வேண்டாங்க. உள்ள ஏதோ கருகுற வாடை வருது."

"ஆம்ப்ளிஃபயர் சூடு. தூசி எரியுது."

"ஒங்களக் கும்பிடுறேன். கம்பி மட்டும் போடாதீக. நான் ஓட மாட்டேன்."

கம்பி போடாவிட்டால் கதவு மூடாது என்று அவளுக்கே தெரியும். உள்ளே போனாள். கம்பியைப் போட்டேன். கடைக்கு வந்து டேப்பை ஓடவிட்டேன்.

நாலாவது நிமிஷம், "ஏங்க, புகையுதுங்க" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கரண்டு ஒயரைச் சாக்குக்குள்ளேயே ஓட்டியிருந்தேன். நடுவில் ஓர் இணைப்பு. அது சூடேறியிருக்கிறது. எழுந்து கிட்டங்கிக்கு ஓடினேன். ஓடினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவின் மேல் இடுக்கில் நூல் போல ஒரு புகை. கம்பியில் கை வைத்தேன். சூடு இல்லை. அந்த ஒரு நொடியில் அப்பா முகம் வந்தது. நூற்று நாற்பது சாக்கு. நாலு பெட்டி. ஐந்து வருஷம். காற்றுப் பட்டால் மொத்தமும் போச்சு.

தொட்டியில் சாக்கை நனைத்து இடுக்கில் திணித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சந்தனம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறடி தூரம்தான்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். இடது காதில் அவள் இருமினாள். வலது காதில் கதவு குத்துப்பட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் என் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், ரொம்பப் பக்கத்தில், "வெள்ளத்துரை" என்றது.

நான் பயந்தேன், ஐயா. பொய் சொல்லவில்லை. கடையில் நான் மட்டும்தான். திரும்பிப் பார்த்தேன், சுவர். மறுபடியும் "வெள்ளத்துரை, கதவத் திற" என்றது. மரியாதை இல்லாமல், தாயார் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. என் மனைவிக்கு அந்தக் குரல் கிடையாது. அந்தப் பெயர் அவள் வாயில் கிடையாது. உள்ளே யாரோ மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள் அல்லவா. அதுதான் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும். ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நாடா தீர்ந்து, முனை சடசடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு மணிக்குத் தறிகள் ஓடத் தொடங்கின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கோகிலாம்பாள் மல்லாங்கிணற்றுக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சந்தனத்திடம் சொன்னேன். மூன்று நாள் கதவைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்தேன். அப்பா சொன்ன முறை சரிதான். பின்சுவரில் ஐந்தாறு சாக்கு கருகியதோடு நின்றிருந்தது. பெட்டி நாலும் பழுதில்லை. அவள் கதவோரம் இருந்தாள். விரல் நகத்தில் பஞ்சு. அவளை நகர்த்தவில்லை. இணைப்பை வெட்டி வேறு ஒயர் கொடுத்தேன். ரெக்கார்டரை உள்ளே கொண்டுவந்து, நாற்காலியை நடுவில் போட்டு, வியாழக்கிழமை நாடாவை ஓடவிட்டேன்.

நான் நினைத்தபடியே வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நாலு மூலையிலிருந்தும் ஒரே குரல் என்னைக் கூப்பிட்டது. அவ்வளவு பயத்திலும் இதைத்தான் கேட்க ஆசைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து கம்பி போட அன்றைக்கு ஆள் இல்லை. அவள்தானே போடுவாள், நான் கேட்கிற நாட்களில். கதவு திறந்தே கிடந்தது. சத்தம் மதில் தாண்டிப் போயிருக்கிறது. சந்தனம் சோற்றுக் கையோடு மதிலேறிக் குதித்து, "மதினி, இந்தா வந்துட்டேன் மதினி" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். வந்தவர் எதைப் பார்த்தார் என்பதை அவரே உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மெயின் சுவிட்ச் எங்கே இருந்தது என்று காலையில் கேட்டீர்கள். கடையில், என் வலது கைக்கு எட்டுகிற இடத்தில். அணைத்திருந்தால் புகை அப்போதே குறைந்திருக்கலாம். ரெக்கார்டரும் நின்றுபோயிருக்கும். அதனால் அணைக்கவில்லை. ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை லாக்கப்பிலேயே வையுங்கள். பஸ் சத்தம் கேட்கிறது, குடிகாரர்கள் கத்துகிறார்கள், நன்றாக இருக்கிறது. சத்தம் அடங்கினால் இடது தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்கிறது. நான் என் மூச்சை நிறுத்திப் பார்த்துவிட்டேன், அது நிற்கவில்லை.

ஏட்டு நாடாவைப் போட்டுக் கேட்டு, எண்ணி எழுதியிருக்கிறார். 'ஏங்க' முப்பத்தொரு தடவை, அதற்குப் பிறகு என் பெயர் ஒன்பது தடவை. சரியாகத்தான் எண்ணியிருக்கிறார், நானும் அன்றைக்கே எண்ணினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? அந்தக் குரல் அவளுடையது இல்லை என்பதை மட்டும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் போல 'ஏங்க' என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன்.