கணக்குப் பிழைக்கேல்லை

இந்த வேப்பை, மகன் புகை இழுக்கிற மெஷினை, அந்த மீட்டரிலை பூட்டிச் சுருளின்ர தடையைப் பாருங்கோ தம்பி. சண்டை பிடிக்க வரேல்லை, பயப்பிடாதேங்கோ. நான் ஆரூரன்ர அப்பா. ஓம், முந்தநாள் இஞ்சை வந்து கத்தினவ என்ர மனிசிதான், ஜெயமலர். உங்கடை கடையிலை வாங்கின பற்றரிதான் பிள்ளையை எரிச்சது எண்டு கோயில் வட்ஸ்அப் குறூப்பிலையும் போட்டிட்டா. பாத்திருப்பியள்.

என்ன காட்டுது? பூச்சியம் தசம் மூண்டு அஞ்சு ஓமோ? ம்ம். அவனும் அதைத்தான் சொன்னவன்.

எனக்கு இந்தப் புகையைப் பற்றி என்ன தெரியும்? பள்ளிக்கூடம் கண்டது கொஞ்சம்தான். ஜேர்மனிக்கு வந்து றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவி, இப்ப சலாட் வெட்டிறன். ஆனா அவன் குசினி மேசையிலை இருந்து கம்பிச்சுருள் சுத்தேக்கை பக்கத்திலை நிப்பன். வெடிக்குமோடா எண்டு கேப்பன். அப்பா, நீங்கள் மிளகாய் வறுக்கேக்கை வாற புகை இதைவிட மோசம் எண்டு நக்கலடிப்பான். பிறகு பாவம் பாத்துச் சொல்லித் தருவான். சுருளின்ர தடை குறையக் குறைய பற்றரியிலை இருந்து கூடக் கரண்ட் இழுக்குமாம். பற்றரியிலை எழுதியிருக்கிற மூண்டு தசம் ஏழு வோல்ட்டை வைச்சுக் கணக்குப் பாக்கிறவை பிழை விடுவினமாம். முழுச் சார்ச்சிலை நாலு தசம் ரெண்டு இருக்கும், அதைத்தான் தடையாலை பிரிக்கவேணுமாம். பிரிச்சால் பன்னிரண்டு அம்பியர். பற்றரி இருவது தாங்கும். சரிதானே? பிழை ஒண்டும் இல்லையே?

ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பிழை எண்டு காட்டினால் நல்லா இருக்கும் எண்டுதான் கொண்டு வந்தனான்.

ஏனெண்டால், ஆஸ்பத்திரியிலை கிடந்துகொண்டு தாயிட்டைச் சொல்லுறான், அம்மா, நான்தான் கணக்கைப் பிழையாய்ப் போட்டிட்டன், அளவுக்கு மிஞ்சி இழுத்துச் சூடாகின பற்றரியைக் கழட்டிப் பொக்கற்றிலை போட்டனான் எண்டு. அவ நம்புறாவோ? என்ர பிள்ளை பிழை விடான், கடைக்காரன்தான் கூடாததை வித்தவன் எண்டு நிக்கிறா. தொடையிலை தோல் ஒட்டியிருக்கினம் தம்பி. நடப்பான் எண்டு டொக்டர் சொல்லுறார்.

இல்லை, நான் நல்லாத்தான் இருக்கிறன். வேலைக்குப் போறன், வெள்ளரிக்காய் வெட்டிறன், ஆஸ்பத்திரிக்குப் போறன். சோறும் இறங்குது. என்னண்ணை, அழவும் இல்லையோ எண்டு சனம் கேக்குது. வரேல்லை. வந்தால் அழலாம்.

ஓம், பற்றரியைப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ளை வைக்கச் சொல்லி நீங்கள் அவனுக்குச் சொன்னது தெரியும். சும்மா போட்டிட்டான். மேலுறையும் கிழிஞ்சு கிடந்திருக்கு. ஆனா திறப்புச் சாவி, சில்லறை மாதிரி ஏதும் உலோகம் தொடாமல் அது தன்பாட்டிலை எரியாதாமே? ம். அண்டைக்கு அவனுக்கு ஃபூறர்ஷைன் புறூஃபுங், கார் ஓடிக் காட்டிற சோதினை. அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான், வீட்டுத் திறப்பு என்னட்டை. சில்லறை அவன் வைச்சிருக்கிறேல்லை, எல்லாத்துக்கும் பாங்க் காட்தானே. கார் கதவைத் திறக்கேக்கைதான் பத்தினது.

நாளைக்கு ஜெயமலர் திரும்ப வருவா தம்பி, கோயில் பெம்பிளையளையும் கூட்டிக்கொண்டு. உங்கடை வியாபாரத்துக்குக் கூடாது, தெரியும். என்ன முகத்தோடை கேக்கிறது எண்டும் தெரியேல்லை. அவ கத்தட்டும். உங்களிலை பிழையில்லை எண்டு நான் கோயிலிலை சொல்லுவன், அதுக்குக் கொஞ்சம் பொறுங்கோ, அவன் எழும்பி நடக்கட்டும். அதுவரைக்கும், பொக்கற்றிலை வேறை என்ன கிடந்தது எண்டு மட்டும் அவவிட்டைக் கேட்டிடாதேங்கோ.

என்னவோ? எரிஞ்ச காற்சட்டையை ஆஸ்பத்திரியிலை ஒரு பையிலை போட்டுத் தந்தவை. அவ பாக்க முதல் நான் வாங்கிட்டன். இந்தாங்கோ, உள்ளுக்குக் கிடந்தது இதுதான். தாயத்துச் செப்புத் தகடு, மந்திரிச்சுச் சுருட்டினது. மஞ்சள் நூல் எரிஞ்சு போச்சு. கழுத்திலை கட்டச் சொன்னால் சிரிப்பான் எண்டு, கார் எங்கையும் முட்டக்கூடாது எண்டு, அவனுக்குத் தெரியாமல் தாய்தான் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கிறா. அவனும் கண்டிட்டான் போலை. அதுதான் கணக்குப் பிழையெண்டு சாதிக்கிறான்.

சரி, அந்த மெஷினைத் தாங்கோ, நான் வாறன். ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். நேற்றுப் புதுசா ஒரு தகடு எழுதுவிச்சுக்கொண்டு வந்து, அவன்ர தலையணைக்குக் கீழை வைச்சிருக்கிறா. அவன் அதுக்கு மேலைதான் படுத்திருக்கிறான்.