வால் வெட்டிய பெட்டி

வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாக இருபது நிமிடம் பிடிக்கும். ஸ்விட்சைப் போட்ட கையோடு பாட்டு கேட்கிறவர்களை நான் மதிப்பதில்லை. அந்த இருபது நிமிடத்தில் ஒரு டீ குடிக்கலாம், ரெக்கார்டைத் துடைக்கலாம், வீட்டில் இருப்பவர்களை வாயை மூடச் சொல்லலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாலு பேரும் அப்படித்தான். பல் டாக்டர், இயற்பியல் வாத்தியார், அதிகம் பேசாததால் ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர் வாங்கியவர், அப்புறம் நான். பொறுமை இல்லாதவனுக்கு இந்த விஷயமே சரிப்படாது.

என் முதல் செட்டை நானேதான் செய்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு பழைய தியேட்டரைப் பிரித்தபோது கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், நாலு வால்வு, நானே வெட்டி மடக்கிச் சாம்பல் நிறம் அடித்த இரும்புப் பெட்டி. பார்க்க அசிங்கமாக இருக்கும். அதனால் கொஞ்சம் வசதி வந்ததும் கடையில் ஒரு பளபளப்பான ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். அதே மாதம் தங்கைக்குக் கல்யாணம். வீட்டில் இடமும் இல்லை, பரிசு கொடுத்த மாதிரியும் ஆயிற்று என்று பழைய பெட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு நாள் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

புதியதில் என்னவோ குறைந்தது. ஸ்பீக்கரை மாற்றினேன். ஊசியை மாற்றினேன். வயரை மாற்றினேன், பிறகு அதைவிடத் தடிமனான வயரைப் போட்டேன். ஸ்பீக்கருக்குக் கீழே கருங்கல் பலகை வைத்தேன். ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக இருக்கும், எட்டாம் நாள் பழைய குறை வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். என் மனைவி, "போன மாசம் சூப்பர்னு சொன்னீங்களே, அதே பாட்டுக்கு இந்த மாசம் என்ன நோவு வந்துச்சு?" என்று கேட்பாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதில் அவள் கெட்டிக்காரி. பதினோரு வருடம் இப்படியே போனது.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் என் பழைய பெட்டி பாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல். அடுத்த வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தாள். அது எனக்குக் கேட்டது. அதே ரெக்கார்ட் என்னிடமும் இருக்கிறது. என் வீட்டில் அந்த மூச்சு ஒரு தடவைகூட வந்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பதினோரு வருடமாக எதைத் தேடி அலைந்தேனோ, அதை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு ரேடியோவைச் செருகி அவர் கேட்டது பெரும்பாலும் செய்தியும் வானிலை அறிக்கையும். அதன் தலைமேல் சாவிக்கொத்தையும் மருந்து டப்பாவையும் வைப்பார். உட்கார்ந்து கேட்கவே மாட்டார். ஜன்னலோரம் நின்று, இடது கையால் கம்பியைப் பிடித்துத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வலது கையால் வால்யூமைத் திருகுவார். அந்தக் குமிழும் நான் கடைந்தெடுத்த இரும்புக் குமிழ். பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்காது.

மரியாதையாகத்தான் கேட்டேன். "மாப்ளே, என் புது செட்டை முழுசா நீங்க வச்சுக்குங்க. இந்தப் பழைய பெட்டியை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

"இதுக்கு என்ன குறைச்சல் மச்சான்? கல்யாணத்துக்கு வந்தது. உங்க தங்கச்சியைக்கூடத் திருப்பிக் கேப்பீங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த முறை கேட்டபோது, "செட்டை மாத்தி மாத்தி என்ன பண்றது, காதைத்தான் மாத்தணும் மச்சான்" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவரே போன் செய்தார். மாடி வீட்டில் புதிதாகத் தண்ணீர் மோட்டார் போட்டதிலிருந்து பெட்டி உர்ரென்று உறுமுகிறது, செய்தி கேட்க முடியவில்லை என்றார். கருவிகளை எடுத்துக்கொண்டு போனேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் கடைசி மேஜை என்னுடையது. ஒவ்வொரு மெஷினிலும் கரண்ட் வெளியுடம்புக்குக் கசிகிறதா என்று பார்ப்பேன். மீட்டர் முள் கோட்டைத் தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். பத்தொன்பது வருடத்தில் என் மேஜையைத் தாண்டிப் போன ஒரு மெஷின்கூட யாரையும் தொட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் மாப்பிள்ளையின் பெட்டியையும் திறந்து அளந்தேன். தியேட்டர் டிரான்ஸ்ஃபார்மருக்கு வயதாகிவிட்டது. கரண்ட் இரும்புப் பெட்டிக்குக் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் மேஜையில் அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர்.

கசிந்தாலும் அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் எர்த் இருந்தது. பெட்டியிலிருந்து ப்ளக்கின் பெரிய முள்ளுக்குப் போகும் பச்சை வயர் கசிவை நேராகத் தரைக்குள் இறக்கிவிடும். ஆனால் மாடி மோட்டாரின் இரைச்சல் ஏறி வந்ததும் அதே பச்சை வயர் வழியாகத்தான். இப்படி ஆகும்போது எங்கள் கூட்டத்தில் பச்சை வயரை வெட்டிவிடுவோம். இரைச்சல் அந்த நொடியே போய்விடும். இதை வால் வெட்டுவது என்போம். புத்தகங்களில் கூடாது என்று போட்டிருக்கும். நாலு பேரும் செய்திருக்கிறோம். பல் டாக்டர் வீட்டில் வால் உள்ள பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கசியாத பெட்டிக்குத்தான் வால் வெட்டுவோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியிருக்கலாம். என்னிடமே ஒன்று இருந்தது. மாற்றினால் அந்தக் குரல் போய்விடும், அந்த மூச்சு போய்விடும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வால் வெட்டினேன். வெட்டிய முனைக்குப் பச்சை உறை போட்டுச் சூடு காட்டி இறுக்கி, மூடியை வைத்து, நாலு திருகையும் முடுக்கினேன். எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

உறுமல் நின்றது. மாப்பிள்ளை என் தோளில் தட்டி, "மச்சான், நீங்க பெரிய ஆள்" என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், தங்கை குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் ஜன்னலடியில் கிடந்தார். செய்தி ஓடிக்கொண்டே இருந்ததாம். அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். வந்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். எனக்கும் அது மாரடைப்பாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது. இதயம் நின்றுபோவதற்கு எத்தனையோ காரணம் உண்டு.

பதினாறு நாள் பொறுத்தேன். அதற்குப் பிறகுதான் தங்கையிடம் பேச்செடுத்தேன். "அந்தப் பெட்டி உனக்கு எதுக்கும்மா, நான் எடுத்துட்டுப் போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது அவர் கை பட்டதுண்ணா. அதை மட்டும் கேக்காதே."

தினமும் ஈரத்துணியால் துடைத்து வைக்கிறாள் என்று என் மனைவி வந்து சொன்னாள். ஈரத்துணியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எரிச்சல்தான். ஆளே இல்லாத பிறகும் அந்தப் பெட்டி என் கைக்கு வரவில்லை என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

பெட்டி கசிகிறது என்று நான் ஏன் தங்கையிடமாவது சொல்லவில்லை என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் யாரையாவது கூப்பிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றச் சொல்லியிருப்பாள். பெட்டி பெட்டியாக இருந்திருக்காது. லேசாக ஒரு ஷாக் அடித்தால் அவளே பயந்து, எடுத்துக்கொண்டு போ என்பாள் என்று நினைத்தேன். ஷாக்கும் அடித்தது. ஆனால் அவள் என்னைக் கூப்பிடாமல் தெருமுனை ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மூடியைக் கழற்றி, பச்சை உறையைப் பார்த்து, "இது தெரியாம அறுந்தது இல்லம்மா, வேலை தெரிஞ்ச கை" என்றாராம். அந்த ஆளுக்கும் வேலை தெரிந்திருக்கிறது. அதன் பிறகு அவள் என் வீட்டுக்கு வந்து, உட்காராமல், "உனக்குத் தெரியுமாண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். அவள் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அவள் குதிகால் வலிக்காக வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போடுகிறாள், அதனால் ஷாக்கோடு தப்பினாள். மாப்பிள்ளையும் வீட்டில் ரப்பர் செருப்புப் போடுகிறவர்தான். அன்றைக்கு மட்டும் அவர் ஏன் வெறுங்காலில் நின்றார் என்று உங்களுக்கு விளங்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

வால் வெட்டி ஒரு வாரத்தில் அவர் போன் செய்தார். "மச்சான், பெட்டி லேசா கிள்ளுது. தொட்டா சுருக்குங்குது." நான் காத்திருந்தேன். பயமா இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. "மத்தபடி சத்தம் அருமை மச்சான். இப்பதான் நீங்க சொல்ற அந்த மூச்சு எனக்கும் கேக்குது" என்றார். சொல்லிவிட்டு, கிள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

ரப்பர் செருப்புதான் காரணம், கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்று கேளுங்கள் என்றேன். சரி மச்சான் என்றார். கரண்ட் விஷயத்தில் நான் என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்பார்.