இடியனுக்குப் பேப்பர் வேண்டாமாம்

இத்தாலியில், பிரான்காச்சோவிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் மடியில் துணி சுற்றிய நீளமான சாமான்.

“துவக்குக்கு இஞ்சை பேப்பர் வேண்டாமாம்” என்றார் அவர்.

“விசரே உங்களுக்கு? நாங்கள் இஞ்சை இருக்கிறதுக்கான பேப்பர், பெர்மெஸ்ஸோவே இன்னும் கைக்கு வரேல்லை!”

“இது இடியனப்பா. குழலுக்கை மருந்தை இடிச்சு வெடிக்கிறது. இத்தாலியிலையே செய்தது. எவ்வளவு தேடினனான், கடைசியிலை நான் வேலை செய்யிற பட்டறை முதலாளி தந்தவர். வன்னியிலை இதாலைதானே பண்டி சுட்டனாங்கள்.”

“இஞ்சை என்னத்தைச் சுடப் போறியள்? வுச்சீரியாச் சந்தை இறைச்சிக்கடையிலை தொங்கிற பண்டியையோ?”

“சுவரிலை கொழுவத்தானப்பா. சட்டப்படி அது இருக்கலாம்.”

“ஓம், அது இருக்கலாம். எங்களைத்தான் ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்கள். இறங்குங்கோ! கொண்டுபோய் முதலாளியிட்டைக் குடுத்திட்டு வாங்கோ!”

அவர் அடுத்த தரிப்பில் இடியனோடு இறங்கினார்.