பட்டைக்குள் ஒரு பருக்கை

எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது குளியலறையைத்தான், மகளே. உங்கள் ஸ்டேஷனில் முகம் கழுவப் போனபோதும் பார்த்தேன். சன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லுங்கள். காற்றுப் போகாத ஈரம் நெஞ்சுக்கு ஆகாது. நீங்கள் வேறு இப்போதே இருமுகிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ஆமினா பீவி. பழவேற்காட்டில் கஞ்சி ஆமினாபீ என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். டீச்சர்மார், பேங்க்கில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பருத்திப் புடவையை என்னிடம்தான் கொடுப்பார்கள். வடித்த கஞ்சியை மல்லுத்துணியில் வடிகட்டி, புடவையை முக்கி, ஏரிக் காற்றில் விரித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஆனால் அன்றைக்கே காய்ந்துவிட வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் நாலாம் நாள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும். பூசணம் பிடித்தது என்று நான் சொல்வதில்லை. பூத்துவிட்டது என்பேன். கஞ்சியும் ஈரமும் இருந்தால் பூக்கும். நாற்பது வருசமாக எனக்கு இது தெரியும்.

மலீஹா என் ஒரே மகள். அவளுக்கு ஆறு வயதில் அவள் அத்தா மௌத்தானார். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவோம். மீன் முள்ளை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும்.

மாப்பிள்ளை முகம்மது ரியாஸுக்குச் சென்னையில் வேலை. வாடகைக்கு வீடு அமைகிறவரை மலீஹா என்னோடு இருக்கட்டும் என்று பேச்சு. தங்கமான பிள்ளை. என் மகள் தென்னங்கீற்று மறைப்பில் குளிப்பதைப் பார்த்துவிட்டு, பொன்னேரியிலிருந்து கங்காதரன் என்ற ஆளை அனுப்பிக் குளியலறை கட்டிக் கொடுத்தார். சுவரெல்லாம் டைல்ஸ், மூலையில் ஷவர், அதைச் சுற்றிக் கண்ணாடிக் கதவு. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு ஜமுனா, "இன்னா ஆமினாபீ, மீன் தொட்டி கட்டிக்கினியா? உள்ள யார வுட்டு வளக்கப் போற?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

அந்தக் கதவின் அடியில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை ஓடும். ஆறே மாதத்தில் அதில் பூத்துவிட்டது. மலீஹாவுக்கு இழுப்பும் வந்தது. பொன்னேரி டாக்டரம்மா, பூஞ்சை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதை எடுத்தால் இழுப்பு அடங்கும் என்றார். மூச்சு முட்டும்போது இழுக்க பஃப் எழுதிக் கொடுத்தார்.

எடுப்பது கஷ்டமே இல்லை, மகளே. உங்கள் வீட்டிலும் அப்படிக் கதவு இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சை வினிகரில் நனைத்துப் பட்டை நெடுகிலும் ஒட்டி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பழைய டூத்பிரஷால் தேய்த்து அலசுங்கள். பட்டையின் உள்மடிப்பை விரலால் பிரித்துத் தேய்க்க வேண்டும், அங்கேதான் அது ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், திரும்ப வராமல் பார்ப்பது. ஒவ்வொரு முறை குளித்ததும் கண்ணாடியில் தண்ணீரை வழித்துவிட்டு, பட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, கதவையும் சன்னலையும் திறந்து போட வேண்டும். அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் பட்டை புதுசுபோல் ஆனது. இழுப்பும் நின்றது.

இழுப்பு நின்ற அந்த வாரமே ரியாஸ் போன் செய்தார். "மாமி, வூடு பாத்துட்டேன். மொட்ட மாடியில ஒரே ரூமு, ஆனா நல்ல காத்து. அடுத்த மாசம் மலீஹாவ இட்டுக்கினு போயிடறேன்."

மலீஹா போனைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் அடுப்பங்கரையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சிச் சட்டி கையில் இருந்தது.

நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. குளியலறைக்குப் போனேன். அதே டூத்பிரஷ்தான். பட்டையின் உள்மடிப்பைப் பிரித்துக் கஞ்சியைத் தடவினேன். சன்னலைச் சாத்தினேன். நாலாம் நாள் பூத்தது. ஐந்தாம் நாள் மகள் மூச்சுக்குத் தவித்து என் தோளில் சாய்ந்தாள்.

"அம்மா, நீ இல்லன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

குணமாகட்டும், பிறகு கூட்டிப் போகிறேன் என்றார் ரியாஸ். மூன்று முறை அப்படித் தள்ளிப் போனது. சனிக்கிழமைதோறும் நான் எல்லாரும் பார்க்கப் பட்டையைத் தேய்ப்பேன். தெருப் பெண்கள், இப்படி ஒரு தாய் யாருக்குக் கிடைப்பாள் என்பார்கள். திங்கட்கிழமை கஞ்சி வைப்பேன். எல்லாம் அளவோடுதான், மகளே. வெளியே தெரியுமளவு ஒருநாளும் விட்டதில்லை. அவள் மூச்சு எந்த இடத்தில் திரும்பும் என்று எனக்குத் தெரியும். பெற்றவள் நான்.

போன ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை காலையில் மலீஹா பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"இழுப்போடவே போறேம்மா. இந்த வூட்டுல எனக்கு மூச்சே வுட முடியல. நீ தப்பா எடுத்துக்காத."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிம்மா, போவதற்கு முன்னால் சுடுதண்ணீரில் குளி, சளி கரையும் என்றேன். அந்த வாரம் கஞ்சி இரண்டு முறை வைத்திருந்தேன். கதவும் சன்னலும் ஐந்து நாளாகச் சாத்தியே கிடந்தன. அவள் கைப்பையிலிருந்த பஃப்பை எடுத்துப் பெரிய பையின் அடியில் வைத்தேன். ஒரே ஒரு இழுப்பு வந்தால் போதும், போகாமல் பையைப் பிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஷவரைத் திறந்தாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டினாள். நான் வெளியே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் ஆவி புடிம்மா. சளி கரையட்டும்."

"அம்மா, பஃப்."

கண்ணாடியில் அவள் உள்ளங்கை தெரிந்தது. பிறகு அது கீழே வழிந்த தடம் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் எனக்கு அளவு தப்பிவிட்டது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இழுப்பு முற்றிவிட்டது என்றார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும், அந்தக் கண்ணாடியைப் பார்க்கச் சகிக்கவில்லை, கழற்றிவிடுங்கள் என்று ரியாஸ் கங்காதரனை வரவழைத்தார். கங்காதரன் கதவைப் படுக்கப் போட்டுப் பட்டையை உருவினார்.

"இன்னாம்மா இது? ரப்பருக்குள்ள சோத்துப் பருக்கை கீது!"

நாற்பது வருசத்தில் நான் கஞ்சி போட்ட எந்தப் புடவையிலும் ஒரு பருக்கை ஒட்டியது கிடையாது. அந்தக் கடைசி வாரம் அவசரத்தில் வடிகட்டாமல் வைத்துவிட்டேன். ரியாஸ் அந்தப் பருக்கையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உள்மடிப்பில் காய்ந்திருந்த வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். அந்த வாசனை எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது?

"கஞ்சி எதுக்கு மாமி?"

நான் பொய் சொல்லவில்லை. அவர்தான் உங்களிடம் வந்தார்.

அவர் சொன்னதெல்லாம் நிசம் என்று எழுதுங்கள். கஞ்சி வைத்தவள் நான், பஃப்பை ஒளித்தவள் நான், கைப்பிடியைப் பிடித்திருந்தவள் நான். என் மகளைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் செய்து கொடுங்கள். எங்கள் கபரஸ்தான் பள்ளம், மழைத் தண்ணீர் வடிய நாளாகும். போன வாரம் பார்த்தேன், அவள் தலைமாட்டு மீசான் கல்லில் கறுப்பாகப் பூக்க ஆரம்பித்திருக்கிறது. வினிகரும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போய்வர என்னை விடச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும், மகளே. பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.