முதல் நாளே கேட்டுவிட்டேன்

மேலே சுற்றுகிற இந்த மின்விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஐயா. பயப்பட வேண்டாம், இன்னும் இரண்டு மாதம் ஓடும். பட்டறையில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்குக் காதுதான் முதல் கருவி. என் தம்பிக்குக் கோளாறைத் திரையில் காட்டுகிற ஸ்கேனர் போதும்.

தம்பியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பத்து வருடம் கழித்துப் பட்டறைக்கு வந்தான், வந்த வேகத்தில் எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொண்டான். வாடிக்கையாளர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தம்பி இல்லையா?" என்பார்கள். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் என் மனைவிகூட, "உங்க தம்பி வரட்டும், நீங்க கழட்டிப் போட்டுடாதீங்க" என்பாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை.

செடி வியாபாரியின் லாரி வந்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பெட்ரோலில் ஓடுகிற பழைய லாரி. அவரும் அவர் மனைவியும் அதில் தொட்டிச் செடிகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர்கள். புகைப் பரிசோதனையில் வண்டி தோற்றுவிட்டது. பின்னால் நின்றால் கண் எரியும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது என்பதைச் சொல்ல மெக்கானிக் வேண்டாம். ஏன் குடிக்கிறது என்று சொல்லத்தான் மெக்கானிக்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நான் திறந்து, வண்டிகளை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைப்பேன். தம்பி ஒன்பதரைக்கு வந்து, சூடான எஞ்சினில் ஸ்கேனரை மாட்டுவான். குளிர்ந்த எஞ்சின் என்ன பேசும் என்று அவன் கேட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்த லாரியை ஸ்டார்ட் செய்தேன். கேபினுக்கு அடியில் டிக், டிக் என்று ஒரு சத்தம். நான்கு நிமிடத்தில் எஞ்சின் இரைச்சலில் அடங்கிவிட்டது.

அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சர் குழாயில், புகையை அளக்கிற சென்சாருக்குச் சற்று முன்னால், நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தப்பாகச் சொல்ல, வண்டியின் கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றுகிறது. குழாய் சூடானால் விரிசல் இறுகிச் சத்தம் நிற்கும், புகைக் கசிவு நிற்காது. அதற்கு நேர் மேலே கேபின் தரைத் தகரம் துருப்பிடித்து, இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. அதையும் பார்த்தேன்.

தம்பி வந்தான். "அண்ணா, ஸ்டார்ட் பண்றப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்றான்.

இல்லை என்றேன்.

அவன் சென்சாரை மாற்றினான். லாரி மறுபடி தோற்றது. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தான், ஸ்கேனரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நகம் கடித்தான். அந்தப் பதினொரு நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது, ஐயா. சென்சாரைத் தம்பி இன்னொரு முறை மாற்றி, மூன்றாவது சோதனைக்கு நாள் குறித்தான். அதிலும் தோற்றால் செடி வியாபாரி ஊரெல்லாம் சொல்லுவார். அப்புறம் நான் போய், எல்லோரும் பார்க்க, விரிசலைத் தொட்டுக் காட்டுவேன். நான் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் இருவரும் வண்டியை எடுக்க வந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி சாப்பிடப் போயிருந்தான். செடி வியாபாரி முதல் தடவையாக என்னைத் தேடி வந்தார்.

"பெரியவரே, இதுல ஒரு மணி நேரம் போனா தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இவ வாந்தியே எடுத்துட்டா. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

"தம்பி கை வச்ச வண்டி. நான் குறுக்க வந்தா நல்லா இருக்காது" என்றேன்.

அவர் மனைவி நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேபினில் உட்கார்ந்திருந்தாள். "கண்ணாடியத் திறந்து வச்சா கொஞ்சம் தேவலையா இருக்கு" என்றாள்.

"மழை வருதும்மா. உள்ள நனைஞ்சா வயரிங் போயிடும். கண்ணாடிய ஏத்திக்கிட்டே போங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். காற்று வந்து தலைவலி தெளிந்தால், தம்பி மேல் இருந்த கோபமும் தெளிந்துவிடுமே. அந்தக் கோபம் மறுநாள் வரைக்கும் எனக்கு வேண்டியிருந்தது. என்ன ஆகலாம் என்று தெரியுமா என்றால், தெரியும். அந்த ஓட்டை வழியாகக் கேபினுக்குள் ஏறுகிற புகை என்ன செய்யும் என்று எந்த மெக்கானிக்குக்குத் தெரியாது?

மழை வலுத்ததும் சாலையோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். சாயங்காலம் கதவைத் திறந்தவர்கள், இருவரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தார்களாம். நாற்றுத் தட்டு அவள் மடியிலேயே இருந்ததாம்.

தம்பி தானே வந்து உங்களிடம், "தப்பு என்னோடதுதான்" என்று விலங்குக்குக் கைநீட்டி நின்றான். அதற்கும் ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. என் மனைவி அழுதுகொண்டே, "இந்த மனசு யாருக்கு வரும்?" என்கிறாள். வண்டியைப் பிரித்துப் பார்த்த பொறியாளரோ, இந்த விரிசலை எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்துத் தம்பியை விட்டுவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விடுங்கள், அவன் நிரபராதி.

ஆனால் அந்த அறிக்கை தப்பு, ஐயா. ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தான். முதல் நாள் காலையிலேயே, கையில் ஒரு கருவிகூட இல்லாமல், நான்கு நிமிடத்தில். அவன் சொல்லாததால்தான் இரண்டு பேர் செத்தார்கள். இதைப் பொறாமையில் சொல்லவில்லை, உண்மை பதிவாக வேண்டும், அவ்வளவுதான். தம்பியின் பெயருக்கு மேலே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.