ரெண்டரை லெவல் இறுதிப் போட்டி

— டென்னிஸ் பந்து டப்பாவத் தொறக்கவே தெரியல உங்களுக்கு. எப்படிங்க கிளிஃப் இறுதிப் போட்டி வரைக்கும் வந்தீங்க?

— பாருங்க, இந்த வளையத்தப் புடிச்சு இழுத்தேன், அது தனியா கையோட வந்துருச்சு. டப்பாவுல ஏதோ கோளாறு. உங்ககிட்ட வேற டப்பா இருக்கா, லொரெட்டா?

— இருக்கு. கார் டிக்கியில ஏழு இருக்கு. ஏழும் பிரிக்காதது.

— ஏழா? எதுக்கு அத்தன?

— ஏழு வாரம், ஏழு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒண்ணு. லீக்காரங்க பேரும் போன் நம்பரும் போட்டு ஒரு லிஸ்ட் அனுப்பினாங்கல்ல, நீங்களே பேசி நேரம் முடிவு பண்ணிக்கோங்கன்னு? பேசினேன். எல்லாரும் வர்றேன்னாங்க. ஒருத்தரும் வரல. இருபது நிமிஷம் நின்னு பாத்துட்டு, ஆள் வரலன்னு எழுதிப் போட்டா நாமதான் ஜெயிச்சதா கணக்கு.

— ஏழு ஆட்டமும் அப்படியா?

— ஏழும். ரெண்டு செட்டும் ஆறு பூஜ்யம், ஆறு பூஜ்யம். ஒரு பந்து கூட அடிக்கல. கேக்குதா? ஏன் அப்படி முழிக்கிறீங்க?

— உங்க ஸ்கோரப் பாத்துட்டு நான் ஒரு வாரமா சரியா சாப்பிடலங்க. யாருப்பா இந்த பொம்பள, எதிர்ல வர்ற அத்தன பேரையும் நசுக்கிட்டு வர்றாளேன்னு.

— உங்க ஸ்கோரும் அதேதான. ஆறு பூஜ்யம், ஆறு பூஜ்யம்.

— ஆமா.

— கிளிஃப்.

— சொல்லுங்க.

— அந்தப் பேட்ல இன்னும் விலைச் சீட்டு தொங்குது.

— சரி, மறைச்சு என்ன ஆகப்போவுது. மொத வாரம் எதிராளி வரல. மூட்டு வலின்னாரு. அன்னிக்கு சாயங்காலம் ஒரு மெயில் வந்துச்சு, "வாழ்த்துகள், நீங்க ஜெயிச்சுட்டீங்க"ன்னு. எனக்கு அம்பத்தொம்பது வயசு. கராஜ் கதவு ரிப்பேர் பண்றவன். சர்ச்சுல நடக்குற குலுக்கல்ல கூட எனக்கு ஒரு சோப்பு டப்பா விழுந்தது கிடையாது. மார்லீன்கிட்ட, அதான் என் வீட்டுக்காரிகிட்ட, ஜெயிச்சுட்டேன்னு மட்டும் சொன்னேன். எப்படின்னு அவ கேக்கல. செர்ரிப் பழம் வெச்சு 'பை'ன்னு ஒரு பலகாரம் சுட்டு வெச்சா.

— அப்புறம்?

— அப்புறம் விட மனசு வரல. எதிராளிக்குப் போனப் போட்டு, ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு வெச்சுக்கலாமான்னு கேப்பேன். இல்லன்னா ஒஹாயோ ஸ்டேட் ஃபுட்பால் ஆட்டம் நடக்குற நேரமாப் பாத்துச் சொல்லுவேன். நம்ம டொலிடோ ஊர்ல அந்த ஆட்டத்த விட்டுட்டு எவன் வருவான்? வெற்றிய நீயே வெச்சுக்கப்பான்னுடுவாங்க. இப்படியே ஏழு.

— விளையாடவே தெரியாதவரு எதுக்குங்க சேர்ந்தீங்க?

— டாக்டர் உடம்ப அசைக்கச் சொன்னாரு. வெப்சைட்ல கேள்வி கேட்டுத்தான லெவல் போடுறாங்க? தொடர்ந்து பந்தத் திருப்பி அடிப்பீங்களான்னு கேட்டான். சில சமயம்னு போட்டேன். லெவல் ரெண்டரைன்னு குடுத்தான், கத்துக்குட்டிக்கு ஒரு படி மேல. நீங்க என்ன போட்டீங்க?

— நானும் சில சமயம்னுதான் போட்டேன். ஒருக்காலும் இல்லன்னு அதுல ஒரு பதிலே வைக்கலியே.

— பாருங்க லொரெட்டா, ஒரு உதவி வேணும். பதினோரு மணிக்கு மார்லீன் வர்றா. மடக்கு நாற்காலி, சில்லி சூப்பு எல்லாம் எடுத்துக்கிட்டு. நான் ஆடி அவ பாத்ததே இல்ல. நீங்க கொஞ்சம் தோத்துடணும்.

— தோக்குறதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா எப்படித் தோக்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்.

— அதுக்கு என்னங்க வழி வேணும்? சும்மா நின்னாலே போதும்.

— ஜெயிக்கிறதுக்கும் நான் சும்மாதான் நின்னேன்.

— ஐயோ, அந்தப் பச்ச வேன் அவளோடதுதான். சீக்கிரமே வந்துட்டா. அந்தப் பக்கம் போங்க, போங்க. மொத சர்வீஸ் நான் போடறேன்.

— என்ன கிளிஃப், ஆரம்பிச்சாச்சா? ஒரு புள்ளி கூட விடக்கூடாதுன்னு வேகமா ஓட்டிட்டு வந்தேன். இவங்கதான் அந்தம்மாவா? வணக்கம்மா, நான் மார்லீன். தோத்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க, இவரு இந்த வருஷம் யாரையும் விட்டு வைக்கல.

— கேள்விப்பட்டேன். ஸ்கூல் பஸ்ஸுக்கெல்லாம் ரேடியோவுல வழி சொல்ற வேலையில இருவது வருஷம் இருந்தேன். சுலபத்துல பதற மாட்டேன். போடுங்க கிளிஃப்.

— போட்டேன்.

— நெட்ல பட்டுருச்சு. ரெண்டாவது?

— போட்டேன்.

— அது கார் நிறுத்துற இடத்துக்குப் போயிடுச்சு. ரெண்டும் தப்பு, எனக்கு ஒரு புள்ளி.

— கிளிஃபு, உன் கைக்கு என்ன ஆச்சு?

— குளிருடி. இன்னும் சூடாவல.

— நாலு புள்ளி ஆச்சு, அந்த கேம் எனக்கு. அடுத்தது என் சர்வீஸ். மார்லீன், கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கோங்க.

— எதுக்கும்மா? ஐயையோ.

— சொன்னேன்ல.

— அட, ரெண்டு பேரும் பந்த எங்கதான் போடப் பாக்குறீங்க? கோர்ட்டு இந்தப் பக்கம் இருக்கு.

— நுணுக்கமான ஆட்டம் மார்லீன். டிவியில பாக்குற மாதிரி இருக்காது.

— கிளிஃப், நாலு தடவ நானும் தப்பாப் போட்டுட்டேன். கேம் உங்களுக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு.

— பாத்தியா மார்லீன், ஒண்ணு எடுத்துட்டேன்.

— நீ எங்கடா எடுத்த? சும்மா நின்ன.

— இன்னும் பத்து கேம் இப்படியே போயிடுச்சு கிளிஃபு, நான் ஊத்தி வெச்ச சூப்பு ஆறியே போச்சு. இப்ப ஸ்கோர் என்னம்மா?

— ஆறுக்கு ஆறு. போடுறவங்க தோக்குறாங்க, நிக்கிறவங்க ஜெயிக்கிறாங்க. இனிமே டைபிரேக். ஏழு புள்ளி எடுக்கணும், ஆனா ரெண்டு புள்ளி வித்தியாசம் இருக்கணும்.

— அதுக்குள்ள முடிஞ்சுரும்ல?

— முடியாது மார்லீன். மொதல்ல ஒருத்தர் ஒண்ணு போடணும், அப்புறம் மாத்தி மாத்தி ரெண்டு ரெண்டு. ரெண்டு பேரும் வெளியவே போட்டுட்டிருந்தா ரெண்டு வித்தியாசம் வரவே வராது. மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பனி கொட்டுற வரைக்கும் இங்கதான் நிக்கணும்.

— கிளிஃபு, நான் ஒண்ணு கேக்கட்டுமா?

— அப்புறம் கேளுடி. இது முக்கியமான கட்டம்.

— அரை மணி நேரமா அந்த ஒரு கட்டந்தான் ஓடிட்டிருக்கு.

— இருபத்தொண்ணு எனக்கு, இருபது உங்களுக்கு. என் சர்வீஸ். கேக்குதா? போடறேன்.

— இரு, இரு. நெட்டத் தாண்டிருச்சு. கிளிஃபு, உள்ள விழுந்துருச்சு. அடிடா.

— அடிச்சுட்டேன்.

— அடிச்சுட்டான். லொரெட்டா, உங்ககிட்ட வருது, விட்டுராதீங்க.

— விடல. இந்தாங்க கிளிஃப்.

— இந்தாங்க.

— இந்தாங்க.

— ஆறு. ஏழு. எட்டு. கடவுளே, ரெண்டு பேரும் சாமர்த்தியமா ஆடுறீங்களே. ஒம்பது. பின்னால போ கிளிஃபு, பின்னால. பத்து. அவ்வளவுதான், லொரெட்டா அடிச்சது உன்னத் தாண்டிப் போயிடுச்சு. வெளிய. வெளியதான் விழுந்துச்சு, நான் பாத்தேன்.

— உங்க பக்கக் கோடு கிளிஃப். நடுவர் கிடையாது. உள்ளயா வெளியயான்னு நீங்கதான் சொல்லணும்.

— கிளிஃபு, வெளியன்னு சொல்லு. எதுக்கு அதையே பாத்துட்டு நிக்கிற?

— உள்ள.

— என்னது?

— கோட்டு மேலதான் விழுந்துச்சு மார்லீன். உள்ள. செட் அவங்களுக்கு.

— நான் இங்கேந்து பாத்தேன்கிறேன்ல.

— நீ அங்க இருந்த. நான் இங்க இருந்தேன். சுண்ணாம்பு தெறிச்சுது. நான் இதுவரைக்கும் ஒரு ஆட்டம் கூட ஆடுனது கிடையாது மார்லீன். ஒருத்தரும் வரல. வந்துறக் கூடாதுன்னு நேரத்த நானேதான் கோணலா வெச்சேன். வாராவாரம் என் வண்டிக்குள்ள உக்காந்து ரேடியோ கேட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். இப்ப ஆடுனோமே, அந்தப் பத்து அடி, வாழ்க்கையில நான் ஆடுன டென்னிஸ் அவ்வளவுதான்.

— ஏழு வாரமாவா?

— ஏழு வாரமா.

— அப்ப ஒவ்வொரு வெற்றிக்கும் நான் சுட்டுக் குடுத்த ஏழு செர்ரி பை?

— எல்லாத்தையும் சாப்பிட்டேன்.

— எங்க அக்காகிட்ட சொல்லியாச்சு. சர்ச்சுல சொல்லியாச்சு. பல்லு டாக்டர்கிட்ட, வாய்க்குள்ள பஞ்ச வெச்சுக்கிட்டு சொன்னேன்டா. உன்ன என்ன பண்ணலாம்?

— என்ன வேணா பண்ணு. கோவமா இருக்கியா?

— ரொம்ப. கோட்டப் பாத்து உள்ளன்னு சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணத்தன்னிக்குக் கூட நீ அப்படி நிமிந்து நிக்கல. அதுக்காக மன்னிச்சேன்னு நெனச்சுக்காத. பேசுறதுக்கு வீட்ல நெறைய இருக்கு.

— லொரெட்டா, உங்களையும் இதுல மாட்டி விட்டுட்டேன். ரெண்டாவது செட்டெல்லாம் வேண்டாங்க. நீங்க ஜெயிச்சதா வெப்சைட்ல போட்டுருங்க. சாம்பியன் நீங்கதான், நான் எழுதிக் குடுக்கறேன்.

— போட வேண்டியதில்ல கிளிஃப். சீசன் முடிஞ்சு ஒம்பது நாளாச்சு. உங்களுக்கும் மெயில் வந்துருக்கும், பாத்துருக்க மாட்டீங்க. நீங்க நேரம் சொல்லலன்னு இறுதிப் போட்டியும் எனக்கே போட்டுட்டாங்க, கோப்பை செவ்வாக்கிழமை தபால்ல வந்து இறங்கிருச்சு. வர்றேன்னு சொல்லிட்டு நிஜமாவே ஒரு ஆள் வந்து எதிர்ல நிக்கிறத ஒரு தடவ பாத்துரணும்னுதான் உங்களக் கூப்பிட்டேன். ரெண்டாவது செட்டுக்குப் பக்கம் மாறணும், வாங்க.